நிமிர்ந்திருந்த இரண்டு மணித்தியாலங்கள்

அண்ணா,

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் நாலு சொல் சேர்த்துக் கதைக்கத் தெரியாதவள், ஆள் போன பிறகு பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று சிரிப்பீர்கள். சிரிக்கலாம். எழுதாமல் இருக்க என்னால் ஏலாமல் போய்விட்டது.

இன்று பின்னேரம் அம்மாவின் கிளினிக் கொப்பியைத் தேடி அலுமாரியின் அடித்தட்டை இழுத்தபோது, பழைய சேலைகளுக்குக் கீழே அந்த டியூப் இருந்தது. ஓட்டோச் சில்லின் பழைய டியூப்பில் பாதிக் காற்று அடித்து, நீங்கள் உடுத்திப் பழசான நீலச் சாரத்தைக் கிழித்து நான் சுற்றித் தைத்தது. காற்று எப்போதோ இறங்கிவிட்டது. றப்பர் மணம். அதற்குள் உங்கள் தலையெண்ணெய் மணம் இன்னும் கொஞ்சம் மிச்சம். நிலத்தில் குந்தியிருந்து அதில் முகத்தை வைத்துக்கொண்டேன். குசினியிலிருந்து அம்மா, "கொப்பி கிடைச்சதோ?" என்று கேட்டார். "இன்னும் இல்லையம்மா" என்றேன். கொப்பி என் மடியில்தான் இருந்தது.

சண்டைக்குள் சம்பூரை விட்டு வந்தபோது எனக்கு ஆறு வயது, உங்களுக்குப் பதினாலு. அப்பா இல்லை. உப்புவெளியில் வந்து குடியிருந்த பிறகு நான் பள்ளிக்கூடம் போனேன், நீங்கள் கடலுக்குப் போனீர்கள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. நான் கம்பசுக்கு எடுபட்ட செய்தி வந்த நாளில் நீங்கள் வலையைக் கீழே போட்டுவிட்டு எழும்பி நின்று, "இனி உன்னை என்னெண்டு கூப்பிடுறது? பட்டதாரி அம்மா எண்டோ?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

இடது கண்ணில் வலையின் ஈயக்குண்டு அடித்ததை நீங்கள் வீட்டில் சொல்லவில்லை. வலை இழுக்கும்போது கயிறு அறுந்து வந்து அடித்தது என்று பிறகுதான் தெரிந்தது. வாசல் நிலையில் உங்கள் இடது தோள் இரண்டு தரம் இடிபட்டது. மூன்றாம் தரம் இடிபட்டபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உங்கள் வலது கண்ணை என் உள்ளங்கையால் பொத்தினேன்.

"என்ர முகம் தெரியுதோ?"

"பாதி தெரியுது. மற்றப் பாதியில கறுப்புத் துணி தொங்குது."

"எப்ப தொடக்கம்?"

"மூண்டு கிழமை இருக்கும். சீசன் முடியட்டும் எண்டு பாத்தனான். அம்மாட்டச் சொல்லிப்போடாத."

மூன்று கிழமை என்பது கண்ணுக்கு எவ்வளவு நீண்ட காலம் என்று கொழும்புக் கண் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டொக்டர் சொல்லித்தான் விளங்கியது. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் போதாது. நான் படித்த இங்கிலீசுக்கு முதன்முதலாக வேலை வந்தது அந்த அறையில்தான். அவர் ஒரு துண்டில் வட்டம் கீறிக் காட்டினார். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய மெல்லிய விழித்திரை கிழிந்து கழன்றுவிட்டது. நாட்கள் போனதால் அதன்மேல் தழும்பு பிடித்து, கசங்கிய துணிபோல் இழுத்து வைத்திருக்கிறது. சும்மா லேசர் அடித்து ஒட்டுகிற கேஸ் இல்லை இது. கண்ணுக்குள் ஊசி அளவு கருவிகளை விட்டு, உள்ளே இருக்கும் பசையை எடுத்து, தழும்பைச் சிறிது சிறிதாக உரித்து, திரையை விரித்து ஒட்ட வேண்டும். பிறகு கண்ணுக்குள் காற்றுப்போல ஒரு காஸ் அடைப்பார்கள். காஸ் மேலே எழும்பும் சாமான். முகம் நிலத்தைப் பார்த்திருந்தால்தான் அது எழும்பி, பின்சுவரில் திரையை அமர்த்திப் பிடிக்கும்.

நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்ல, நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கடைசியில், "அப்ப டொக்டரும் எங்கட தொழில்தான். சிக்கெடுத்து, கிழிஞ்சதைப் பொத்துறா" என்றீர்கள். அதை எப்படி இங்கிலீசில் சொல்வது என்று தெரியாமல் நான் விழுங்கினேன். "என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் கேட்டார். "நன்றி சொல்கிறார்" என்றேன். என் முதல் பொய்யான மொழிபெயர்ப்பு அதுதான். அது ஒருவருக்கும் கெடுதல் செய்யவில்லை.

ஒப்பரேசன் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒரு தாளில் எழுதித் தந்தார். பத்து நாள் முகம் கவிழ்ந்தபடி. சாப்பிட, குளியலறைக்குப் போக, மருந்து விட மட்டும் மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் எழும்பலாம். உயரமான மலைப் பாதைகளால் போகக் கூடாது, காஸ் விரிந்துவிடும். அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவள் நம் வீட்டில் நான் ஒருத்திதான்.

கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலை நீட்டியிருக்க, முன்னால் இரண்டு ஸ்டூலைத் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றுக்குக் குறுக்கே இரண்டு பலகைத் துண்டை இடைவெளி விட்டு அடுக்கி, டியூப்பை வைத்தேன். டியூப்பின் ஓட்டைக்குள் உங்கள் முகம். வலை பொத்துகிறவனுக்குக் குனிந்திருப்பது புதிதில்லை என்று முதல்நாள் வீரம் பேசினீர்கள். இரண்டாம் நாள் கழுத்து நோவில் பல்லைக் கடித்தீர்கள். நான் கீழே பாய் போட்டுப் படுத்து, உங்களை அண்ணாந்து பார்த்துக் கதைத்தேன். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி, மற்றக் கண் என்னைப் பார்த்தபடி. உங்கள் வியர்வை சில நேரம் என் நெற்றியில் விழும்.

நாங்கள் அவ்வளவு கதைத்தது அந்த ஐந்து நாட்களில்தான். காஸ் உள்ளே எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "கடல் மாதிரித்தான். தலையை அசைச்சால் ஆடுது. ஆனா இந்தக் கடலில மீன் இல்லை" என்றீர்கள். கம்பசில் எல்லோர் முன்னாலும் எழும்பிக் கதைக்க வேண்டிய நாளில் வயிற்றுவலி என்று சொல்லி அறையிலேயே படுத்திருந்ததை, அதற்காகப் புள்ளி குறைந்ததை நான் சொன்னது உங்கள் ஒருவருக்குத்தான்.

"ஏன், வாயை வங்கியில போட்டு வச்சிருக்கிறியோ? எடு, பட்டதாரி அம்மா. பூஞ்சணம் பிடிக்கப் போகுது."

இருவரும் சிரித்தோம். நீங்கள் குலுங்கக் கூடாது என்று அம்மா வந்து என்னை ஏசினார்.

ஆறாம் நாள் அவர்கள் வந்தார்கள்.

சாம்பல்தீவுச் சம்பந்தம் அப்போது பேச்சில் இருந்தது. படம் மாற்றி, சாதகம் பொருந்தி, பெண்ணும் உங்களை ஒரு தரம் கோயிலடியில் பார்த்துச் சம்மதம் சொல்லியிருந்தாள். நீங்கள் வெளியே காட்டாவிட்டாலும், அவளின் படத்தைப் போனில் எத்தனை தரம் எடுத்துப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குக் கண் ஒப்பரேசனாம் என்று கேள்விப்பட்டு, பெண்ணின் தகப்பனும் மாமியும் தோடம்பழமும் மால்ட் போத்தலும் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் வந்து படலையடியில் நின்றார்கள்.

அம்மா ஈரக் கையோடு அறைக்குள் ஓடி வந்தார். இடியப்ப மாவு முழங்கை வரை இருந்தது.

"எழும்பு ராசா. கவிண்டு கிடக்கிறதைக் கண்டால் என்ன நினைப்பினம்? ஏலாதவன் எண்டு திரும்பிப் போயிடுவினம். கொஞ்ச நேரம் நிமிந்து இருந்து முகம் பாத்துக் கதைச்சு விடு."

டியூப்புக்குள் இருந்து நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கீழே பாயில் இருந்தேன். டொக்டரின் தாள் என் தலைமாட்டில், தண்ணீர்ப் போத்தலுக்கு அடியில் இருந்தது.

"பிள்ளை, நிமிந்து இருக்கலாமோ?" என்று என்னைக் கேட்டீர்கள்.

ஒரு சொல் போதும். ஏலாது என்று சொல்லியிருக்கலாம். வெளியே போய், "டொக்டர் நிமிரக் கூடாது எண்டவ, உள்ள வந்து பாருங்கோ" என்று அவர்களிடம் சொல்லியிருக்கலாம். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அம்மாவையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். நீங்கள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எழும்பி, சேட்டு மாற்றி, விறாந்தையில் கதிரையில் போய் இருந்தீர்கள்.

கொஞ்ச நேரம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அந்த மனிதர் நல்லவர், ஆனால் கதைக்கத் தொடங்கினால் நிற்கமாட்டார். "எனக்கும் கண் ஒப்பரேசன் செய்ததுதானே தம்பி. அடுத்த நாளே வயலுக்குப் போனனான். இந்தக் காலத்துப் பெடியள்தான் சும்மா பயப்பிடுறியள்." அவருக்குச் செய்தது கண்ணில் வெள்ளை விழுந்ததற்கு. அது வேறு, இது வேறு. அதைச் சொல்லத் தெரிந்தவள் குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். நீங்கள் சிரித்தபடி, "ஓம் மாமா, சின்ன ஒப்பரேசன்தான்" என்றீர்கள்.

மூன்று தரம் வாசல் வரை வந்தேன். "அண்ணா, மருந்து விடுற நேரம்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. குசினிக்குள் உதட்டை அசைத்துப் பழகிப் பார்த்தேன். முதல் தரம் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தரம் வெறும் கோப்பைகளை எடுத்தேன். மூன்றாம் தரம் அந்த மாமி, "பிள்ளை படிச்ச பிள்ளையாம், வாயே திறக்காது போல" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் உள்ளே வந்துவிட்டேன். சுவர் மணிக்கூட்டில் இரண்டு மணித்தியாலம் தாண்டியிருந்தது.

அவர்கள் போன பிறகு நீங்கள் மறுபடி கவிழ்ந்து படுத்தீர்கள். அம்மா சந்தோசத்தில் பாட்டு முணுமுணுத்தபடி மாவைப் பிசைந்தார். மிச்ச நாட்கள் நீங்கள் அசையவில்லை. நான் பாயில் படுத்திருந்தேன், ஆனால் முன்போலக் கதைக்கவில்லை. நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் உங்கள் கண்ணுக்குள் இருந்த கடல் வற்றத் தொடங்கியது. அது வற்ற வற்ற வெளிச்சம் வர வேண்டும். வந்தது. பிறகு ஒரு ஓரத்திலிருந்து மறுபடி அந்தக் கறுப்புத் துணி.

கொழும்பில் டொக்டர் நெடுநேரம் கண்ணுக்குள் பார்த்தார். அம்மாவை வெளியே வாங்கில் இருத்திவிட்டு நாங்கள் இருவரும்தான் உள்ளே இருந்தோம். அவர் என்னிடம் கேட்டார், பத்து நாளும் தலை கவிழ்ந்தபடியே இருந்தாரா என்று. நான் தமிழில் கேட்டேன். என் முகத்தைத்தான் பார்த்தீர்கள். அதில் என்ன கண்டீர்களோ.

"ஓம், ஒரு நாளும் நிமிரேல்லை எண்டு சொல்லு."

நான் சொன்னேன், அண்ணா. வடிவான, பிழையில்லாத இங்கிலீசில் சொன்னேன்.

டொக்டர் உங்கள் தோளில் கை வைத்தார். அப்படியென்றால் இது யாருடைய பிழையும் இல்லை என்றார். தழும்பு திரும்பி வளர்வது இந்த நோயின் குணம், நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்றார். அதையும் நானே தமிழில் சொன்னேன். அதைவிட அன்பான வார்த்தைகளை ஒரு டொக்டரிடம் நான் கேட்டதில்லை. அந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட எனக்கென்று எடுத்துக்கொள்ள இன்று வரை முடியவில்லை. அவை வேறு யாரோ ஒருவருக்கு, பத்து நாளும் நிமிராமல் கிடந்த ஒருவருக்குச் சொன்னவை.

வெளியே வரும்போது படிக்கட்டில் என்னை நிறுத்தினீர்கள்.

"அம்மா கேட்பா. அவையள் வந்த நாள் நிமிந்திருந்ததை டொக்டரிட்டச் சொன்னனாங்கள், அதால ஒண்டுமில்லை எண்டிட்டா எண்டு சொல்லு."

"அண்ணா…"

"அம்மாதானே எழும்பச் சொன்னவ. தெரிஞ்சால் அவ உயிரோட இருக்கமாட்டா. என்ர கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. ஒருநாளும் சொல்லமாட்டன் எண்டு."

உங்கள் கை நீட்டியிருந்தது. வலைக் கயிறு கீறிய தழும்புகள். நான் அடித்தேன். அம்மாவைக் காப்பாற்றுகிறீர்கள் என்று அப்போது நினைத்தேன். என்னையும் சேர்த்துத்தான் என்பது பஸ்ஸில் வரும்போது, நீங்கள் யன்னலில் தலை சாய்த்து நித்திரை கொண்ட பிறகுதான் உறைத்தது.

இரண்டாம் ஒப்பரேசனில், காஸுக்குப் பதிலாகக் கண்ணுக்குள் ஒரு எண்ணெய் விட்டார்கள். அதுவும் பிடிக்கவில்லை. இரவு பகல் தெரியும் அளவுக்கு ஒரு மங்கல் மட்டும் மிஞ்சியது. சாம்பல்தீவுக்காரர் பிறகு வரவில்லை. வேறு ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அம்மா அழ, நீங்கள், "வீட்டில ரெண்டு பொம்பிளையளைப் பாக்க ஒரு கண் காணும்" என்றீர்கள். போனில் இருந்த படத்தை எப்போது அழித்தீர்கள் என்று தெரியாது. ஒருநாள் தேடினேன், இல்லை.

கடலுக்குப் போகும் போட்டில் ஏற்றமாட்டோம் என்றார்கள். கரையில் வலை பொத்தினீர்கள். என் பட்டமளிப்புக்கு வந்து, நான் மேடையேறும்போது தெரிய வேண்டும் என்று கழுத்தை இடப்பக்கம் திருப்பியபடியே மூன்று மணித்தியாலம் இருந்தீர்கள். அடுத்த ஆடியில், பொத்திய வலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ரவுனுக்குப் போனீர்கள். இடப்பக்க ஒழுங்கையால் லொறி வந்தது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "பெடியன் கவனிக்கேல்லைப் போல" என்றார்கள். ஒருவரும் இடப்பக்கம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் திருப்பிச் சொல்கிறேன்? நீங்கள் அறியாதது இதில் இல்லை. அறியாதது இனித்தான்.

அம்மாவுக்கு இரத்தத்தில் சீனி கூடி, வருத்தம் முற்றிவிட்டது. இடியப்பம் பிழிவதை நிறுத்திவிட்டார். இங்கே கண் கிளினிக்கில் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து, தழும்பு பிடித்து, விழித்திரையை இழுக்கத் தொடங்கிவிட்டது. வலது கண்ணில் கழன்றுவிட்டது. இடதும் அந்த வழியில்தான். கொழும்புக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். அதே ஒப்பரேசன், அதே டொக்டர். அடுத்த மாதம் வரச் சொல்லி இருக்கிறார்கள். பிந்தினால் ஒன்றும் செய்ய ஏலாது என்று கிளினிக் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அம்மா மாட்டேன் என்கிறார்.

"உன்ர அண்ணனுக்கு எல்லாம் சரியாத்தானே செய்தனாங்கள். அண்டைக்கு நிமிந்ததால ஒண்டுமில்லை எண்டு டொக்டரே வாயால சொன்னவ. பத்து நாள் என்ர பிள்ளை அந்தக் கிடை கிடந்தும் போன கண். என்ர கிழட்டுக் கண்ணோ தங்கப் போகுது? இருக்கிற வெளிச்சம் இருக்குமட்டும் இருக்கட்டும்."

ஒவ்வொரு நாளும் இதையே சொல்கிறார். ஒவ்வொரு நாளும் நான் சொல்லிக் கொடுத்த பொய்யைத்தான் எனக்கே திருப்பித் தருகிறார். நேற்று தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். நான் துடைத்தேன். "கை நடுங்குது" என்றார். கை நடுங்கவில்லை.

போன கிழமை கிளினிக்கில் ஒரு காரியம் செய்தேன். நீங்கள் இருந்தால் நம்பமாட்டீர்கள். சனம் நிறைந்த அறையில், டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடும் நேரத்தில், எழும்பி நின்று கேட்டேன். பத்து நாளில் ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் நிமிர்ந்து இருந்தால், அதாலேயே கண் போகுமா என்று. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கையிலிருந்த கொப்பியைக் கீழே வைத்தார். "சொல்ல ஏலாது, தங்கச்சி. சிலருக்கு ஒண்டும் ஆகாது. சிலருக்கு அது போதும். ஒருத்தரும் நிச்சயமாச் சொல்லமாட்டினம்" என்றார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்து பஸ் ஸ்ராண்டுக்குக் கூட்டிப்போனேன்.

ஆக, உண்மையைச் சொன்னாலும் அது முழு உண்மை இல்லை. அம்மாவிடம் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அண்ணாவுக்கு எல்லாம் சரியாகச் செய்யவில்லை, டொக்டருக்கு நாங்கள் பொய் சொன்னோம், அதனால் ஒப்பரேசன் வீண் என்று அம்மா நினைப்பதற்கு ஆதாரம் இல்லை. அதைக் கேட்டால் அம்மா ஒருவேளை கொழும்புக்கு வருவார். ஆனால் அதே மூச்சில் கணக்குப் போடுவார். எழும்பு ராசா என்று தான் சொன்னது, அந்தக் கண், அந்த ஒழுங்கை, அந்த லொறி. ஈர மாவுக் கையோடு ஓடி வந்ததை நினைப்பார். நான் அறியாத பிள்ளை இல்லை, தாளை வாசித்தவள் நான், எழும்ப விட்டவள் நான் என்று சொல்வேன். எவ்வளவு சொன்னாலும் தாய் தன் பங்கைப் பிள்ளையிடம் விடமாட்டார்.

சொல்லாவிட்டால் இன்னும் சில மாதத்தில் என் முகம் அவருக்குத் தெரியாது. அப்போதும் அவர் என்னைக் கோபிக்கமாட்டார். விதி என்பார். நான் ஓம் அம்மா என்று பக்கத்தில் இருப்பேன், தட்டோடு வாசலில் நின்றதைப்போல.

சத்தியத்தை மீறுவது எனக்குப் பெரிய காரியம் இல்லை என்று நினைத்துப் பார்த்தேன். ஆள் போய்விட்டார், யார் கேட்கப் போகிறார்கள் என்று. ஏலவில்லை. கடைசியாக நீங்கள் என்னிடம் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். அதற்கு முன் ஒன்றுமே கேட்டதில்லை, தந்துகொண்டே இருந்தீர்கள். அதைத் தூக்கிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

அண்ணா, நானும் உங்களிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நாளைக் காலையில் அம்மாவைப் பக்கத்தில் இருத்திச் சொல்ல வேண்டும். அன்று படிக்கட்டில் உங்கள் கையில் அடித்த அந்தச் சத்தியத்தை எனக்குத் திருப்பித் தந்துவிடுங்கள்.